கப்பலுக்காக ஏறிய வள்ளம்

என் கணவரின் அக்கா மெல்பனிலிருந்து வீடியோவில் அழைத்தபோது நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். போனைத் தேங்காய்ப்பூக் கோப்பையில் சாத்தி வைத்திருந்தேன்.

"இந்த முறை நாங்க ஊருக்கு வரல்ல. நீங்க நாலு பேரும் சிங்கப்பூருக்கு வாங்க. அங்கயிருந்து எல்லாரும் கப்பல்ல போறம்" என்றார்.

"எந்தக் கப்பல், மச்சாள்?"

"உல்லாசக் கப்பல். சும்மா சுத்திப் பாக்கிற கப்பல். எங்கட மூத்தவனுக்குப் பதினெட்டு வயசு முடியுது, அதுக்குத்தான். டிக்கெட் எல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுறம். நீங்க பாஸ்போட்ட எடுங்க."

நான் கையை மாவுக்குள் வைத்தபடியே நின்றேன். கொழும்புக்கு அப்பால் நாங்கள் எங்கும் போனதில்லை. என் பிள்ளைகளுக்குத் தெரிந்த கடல் பாசிக்குடாவில் முழங்கால் வரை நிற்கும் கடல்தான். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. அப்படியிருந்தும் கடலைப் பற்றி எங்கள் பகுதியில் யாரும் இலேசாகப் பேசுவதில்லை. அதில் ஏறி, அதற்குள்ளேயே படுத்து நித்திரை கொள்வதென்றால்?

"அம்மா, கப்பலுக்க கக்கூஸ் இரிக்கா?" என்று ஐந்து வயது மகன் பின்னாலிருந்து கேட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லாமல் போயிற்று. என் கணவருக்கு வவுணதீவில் வயல். வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து குளித்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். கப்பல் வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். சறுக்கு விளையாடும் நீர்த்தொட்டி, மாடி மாடியாகச் சாப்பாட்டு அறைகள், தொப்பி போட்ட சமையல்காரர். மகன் ஒவ்வொன்றுக்கும் கத்துவான். ஏழு வயது மகள் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போனோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். நான் பின்னாலிருந்து அவளுடைய சட்டையைப் பிடித்து இழுப்பேன். மகளையும் நாங்கள் மனே என்றுதான் கூப்பிடுவோம்.

"தள்ளி இருந்து பாருங்க மனே. கண் பழுதாகிப் போகும்."

தள்ளி இருப்பாள். சற்று நேரத்தில் எழுந்து வேறெங்காவது போய்விடுவாள். கப்பல் அவளுக்கு அலுத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அறை தெரிவு செய்வதில்தான் எனக்கும் மச்சாளுக்கும் இழுபறி. பல்கனி வைத்த அறையை அவர் பார்த்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். யன்னலே இல்லாத அறை போதும் என்றேன்.

"அதுக்க போய் அடைஞ்சு கிடக்கவா இவ்வளவு தூரம் வாறது? பல்கனிக்குக் கம்பி நெஞ்சு உயரத்துக்கு இரிக்கு. பூட்டும் இரிக்கு."

"உங்களுக்கு இவளப் பத்தித் தெரியாது மச்சாள்."

மகளைத்தான் சொன்னேன். அவள் தடுக்கி விழாத படி இல்லை. வாசலில் கிடக்கிற செருப்பில் தடுக்குவாள், திறந்த கதவில் நெற்றியை இடிப்பாள், தேநீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே வைப்பாள். பராக்குப் பார்க்கிற பிள்ளை என்று வீட்டில் எல்லாரும் சொல்வோம். அவளுக்கும் அது பழகிவிட்டது. விழுந்தால், "நான் பராக்குப் பாத்திட்டன்" என்று அவளே எழுந்து சொல்லிவிடுவாள். இந்தப் பிள்ளையை ஆடுகிற கப்பலில், நடுக்கடலில் எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதுதான் என் கவலை. மகனுக்கு வேறு பஸ்ஸில் கல்முனை போவதற்குள் பாதி வழியில் குருக்கள்மடத்திலேயே வாந்தி வந்துவிடும்.

"ஒருக்கா வள்ளத்தில ஏத்திப் பாப்பமே. ஆத்துக்க ஆடினா என்ன செய்யிறாங்க எண்டு தெரிஞ்சிரும். மறுகா அறையப் பத்திப் பேசலாம்" என்றார் கணவர்.

அவரோடு படித்த நண்பர் ஒருவர் வாவியில் இஞ்சின் பூட்டிய வள்ளம் வைத்திருந்தார். விடுமுறை நாளொன்றில் காலை வெயில் ஏறுமுன் வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு மிதவை அங்கி மாட்டி, வாந்திக்குப் பொலித்தீன் பையும் தேசிக்காயும் எடுத்துக்கொண்டு ஏறினோம். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மகனுக்கு வாந்தியும் வரவில்லை. வாய் ஓயாமல் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"அக்கா, அந்தா கொக்கு!"

"ஓம், கொக்கு" என்றாள் அவள்.

"அக்கா, பாலத்தில பஸ் போகுது!"

"ஓம், பஸ்" என்றாள்.

ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தபடி சிரித்த முகமாக இருந்தாள். பயப்படவில்லையே என்று எனக்குப் பெரிய நிம்மதி. பாலத்தைக் கடந்து முகத்துவாரப் பக்கம் போனதும், பிள்ளைகள் வடிவாகப் பார்க்கட்டும் என்று நண்பர் இஞ்சினை நிறுத்தினார். கரையில் சேற்றில் வேரூன்றிய கண்ணா மரங்களுக்கு மேலே வெளிச்ச வீடு வெள்ளையாக நின்றது.

"அந்தா வெளிச்ச வீடு!" என்று மகன் எழும்பப் பார்த்தான். அவனைப் பிடித்து இருத்தினேன்.

"ஓம், நல்ல வடிவு" என்றாள் மகள். அவளுடைய முகம் மற்றப் பக்கம், வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சால திரும்பிப் பாருங்க மனே" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

பார்த்தாள். சிரித்தாள். "ஓம், தெரியுது."

ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "என்ன நிறம்?" என்று கேட்டேன்.

அவள் தம்பியின் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவன் வாயைத் திறக்கப் போக, கணவர் விளையாட்டாக அவனுடைய வாயைப் பொத்தினார்.

"பச்சை" என்றாள்.

முதலில் நான் சிரித்துவிட்டேன், பகிடி விடுகிறாள் என்று நினைத்து. "சரி, விரலால காட்டுங்க பாப்பம், எங்க இரிக்கு?"

கையை நீட்டினாள். விரல் வெளிச்ச வீட்டை விட்டு எங்கேயோ போய், வானத்தில் நின்றது.

தண்ணீர் வள்ளத்துப் பலகையில் தட்டியது. கணவர் மெல்ல எழுந்து வள்ளத்தின் முன்பக்கத்துக்குப் போய், அவளைப் பார்த்துத் திரும்பி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்பாட கையில எத்தினை விரல் மகள்?"

"நாலு."

விரலை மாற்றாமல் ஓர் இருக்கைப் பலகையைத் தாண்டிக் கிட்ட வந்தார். "இப்ப?"

"மூண்டு."

அவளுடைய முகத்துக்கு நேரே வந்து குனிந்தபோதுதான் "ரெண்டு" என்றாள். சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்து அழத் தொடங்கினாள். "நான் பராக்குப் பாத்திட்டன் அப்பா. ஏசாதீங்க."

திரும்பி வரும் வழி முழுவதும் அவளை மடியில் வைத்திருந்தேன். நான் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளைகளை முதல் வாங்குக்குக் கூப்பிட்டு இருத்துகிறவள். என் பிள்ளை எனக்குக் கண்ணைச் சுருக்கிக் காட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன், கரும்பலகையில் எழுதுவதை எப்படி எழுதிக்கொள்கிறாள் என்று. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தானாம். அவளுடைய எழுத்து அழகு என்று டீச்சர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"அப்ப பள்ளிக்கூடத்தில கண் பாக்க வந்தாங்களே மனே, எழுத்து வாசிக்கச் சொன்னாங்களே?"

"எனக்கு முன்னால நிண்ட பிள்ளையள் சொன்னத நான் பாடமாக்கிட்டன். எல்லாம் சரி எண்டு சொன்னாங்க" என்றாள், பெருமையாக.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ஏன் மனே அம்மாக்குச் சொல்லல்ல, தூரத்தில இரிக்கிறது தெரியல்ல எண்டு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வியப்புத்தான் இருந்தது. "தூரம் எண்டா தெரியாதுதானே அம்மா?"

தூரம் என்றால் மங்கல். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். "அந்தா" என்று யாராவது சொன்னால் "ஓம்" என்று சொல்ல வேண்டும், அது மரியாதை. அப்படித்தான் அவள் விளங்கி வைத்திருந்தாள். குசினிக்குள் போய்த் தண்ணீர் குடிக்கக் கோப்பையை எடுத்தேன். குடிக்காமல் திரும்ப வைத்தேன். கணவர் பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "வயலுக்குக் கூட்டிப் போய் மயில் காட்டினன். மயில் வடிவு எண்டு சொன்னாள்" என்றார்.

பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் டாக்டரம்மா துளி மருந்து விட்டு, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, அதுவும் கடுமையாக. அதற்கு மேலே இடது கண் வேலை செய்யாமலே பழகிவிட்டது. கண்ணாடி எப்போதும் போட வேண்டும், வலது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்து மற்றதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார்.

"இன்னும் பிந்தியிருந்தா இடது கண்ண மீட்கிறது கஷ்டம். இப்ப கொண்டு வந்தது நல்லது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கப்பல் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனவள், பதற்றத்தில், "கண்ணாடியோட கப்பல்ல போகலாமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டரம்மா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏன், கண்ணாடி போட்டாக் கப்பல் ஓடாதா?"

அந்த வாரத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான். சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது.

மச்சாளிடம் சொன்னேன். "நானும் ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்து நிண்டனே" என்று அழுதார். "அவள் என்னத் தூரத்தில கண்டா ஓடி வாறதில்ல. நான் மறந்திட்டாள் எண்டு நினைச்சன்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கப்பலப் பின்னுக்குப் போடுறன். பிள்ளைட கண்ணப் பாத்துத்தான் எங்களுக்குக் கப்பல்" என்றார். அவருடைய மூத்தவனின் பிறந்தநாள் என்னாவது என்று கேட்டேன். அவனிடம் சொல்லிவிட்டார்களாம், அவனும் சரி என்றானாம்.

கண்ணாடி வந்த நாள் டவுனில் கடை வாசலிலேயே மாட்டிவிட்டோம். அவள் படியில் இறங்காமல் நின்றாள். தந்திக் கம்பியைப் பார்த்தாள். வேப்பமரத்தைப் பார்த்து, "இலை தனித் தனியா இரிக்கு" என்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், சின்னப் பிள்ளை கண்ணாடியோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, அந்த அன்ரி என்னப் பாத்துச் சிரிக்கிறா!"

"ஓம் மனே."

"எல்லாருக்கும் தூரத்திலயும் முகம் இரிக்கா?"

நான் தெருவென்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மெல்ல மெல்லக் கோபம் ஏறியது. பஸ்ஸின் போர்ட், கடைப் பெயர்கள், மதிலில் உட்கார்ந்திருக்கிற பூனை. "இதெல்லாம் நீங்க ஒவ்வொரு நாளும் பாத்திட்டா இருந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு தம்பியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். "நீ ஏண்டா சொல்லல்ல?" அவன் அழவில்லை. அவனுக்கும் அதிர்ச்சிதான். அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தவன் அவன்.

அடுத்த தடவை கிளினிக்கில் இடது கண் கொஞ்சம் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். மச்சாள் அன்றைக்கே மறுபடி கப்பல் பார்க்கத் தொடங்கினார். இப்போது மகளும் வீடியோவில் தலையை நீட்டிக் கேள்வி கேட்கிறாள். கப்பலில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும், மற்றக் கப்பல்களில் போகிற ஆட்களின் முகம் தெரியுமா என்று. பல்கனியா யன்னலா என்பதை அவர்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். என்னிடம் கேட்கவில்லை.

போன கிழமை பாஸ்போட் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனோம். மகன் பல்லைக் காட்டாமல் இருக்கப் படாத பாடுபட்டான். அடுத்து மகள் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணாடியக் கழட்டுங்க மகள்" என்றார் படம் எடுப்பவர்.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கமராவப் பாருங்க" என்றார் அவர். அவள் சிரித்த முகத்தோடு சுவரைப் பார்த்தாள். "இஞ்சால, இஞ்சால" என்று கையை ஆட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடியோடு ஓடியாடித் திரிகிறவளைப் பார்த்துப் பார்த்து கண்ணாடி இல்லாமல் தூரம் அவளுக்குத் தெரியாது என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

அவருக்குப் பின்னால் போய் நின்றேன். "மனே, அம்மா இஞ்ச நிக்கிறன்" என்றேன்.

முகம் நேரே திரும்பியது. விளக்கு மின்னியது.

படத்தை வெட்டித் தந்தபோது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "நான் உங்களத்தான் பாக்கிற மாதிரி இரிக்கு, என்னம்மா?"

"ஓம் மனே."

"ஆனா அப்ப எனக்கு நீங்க தெரியல்ல" என்றாள், சும்மா ஒரு செய்தி சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுத் தம்பியின் படத்தைப் பார்த்து, அவனுடைய ஒரு காது பெரிதாக விழுந்திருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.