காலியக்கா அளந்த மூலை

"ம், அடுப்பப் பத்த வைங்க," என்கிறார் காலியக்கா. அங்கே அடுப்பே இல்லை. அடுப்பு, அலமாரி, டப்பா, கரண்டி எல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கின்றன. வெறும் சுவர்களுக்கு நடுவே நிற்கும் வீட்டுக்காரர் அசடு வழிந்தபடி இல்லாத குமிழைத் திருகுகிறார். "இப்ப டீ போடுங்க. வெக்கப்படாதீங்க, நான் சிரிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு முதலில் சிரிப்பது அவர்தான்.

பழைய சமையலறைகளைப் புதிதாகத் திட்டமிட்டுத் தருவது அவர் தொழில். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே "மொதல்ல காலி பண்ணுங்க" என்பதால் ஊருக்கே அவர் காலியக்கா. இடுப்பில் அளவு நாடா, காதோரம் பேனா மாதிரி செருகிய சாக்பீஸ். சமைப்பவரின் கை போகிற இடத்தில் சுவரில் வட்டம், கால் திரும்புகிற இடத்தில் தரையில் கோடு. "வாயக் கேட்டா எல்லாரும் விளம்பரத்துல பாத்த கிச்சனச் சொல்லுவாங்க. கையக் கேட்டாத்தான் அவங்க கிச்சனச் சொல்லும்" என்பார். உண்மைதான். என் வீட்டில், என் கை உப்பைத் தேடி நேராக வாசல் பக்கம் போனது. என் மனைவி சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. காலி செய்த சமையலறையில் அவர் எந்த மூலையிலும் சாய்ந்து நிற்க மாட்டார். "யாரோட இடமோ" என்று தள்ளி நிற்பார். ஏதோ குறும்புப் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், எங்கள் தெருவிலிருக்கும் நர்சம்மாவின் வீட்டைக் காட்ட அவரோடு போகும்வரை.

நர்சம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். போன மாதம் உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரத்தைச் சிங்குக்குக் கொண்டுபோகையில் கொதிநீர் தளும்பிக் கால் வெந்துவிட்டது. வெளியூரிலிருந்து மகன் ஓடி வந்தார். சமையலறையையே மாற்றிவிடுவது, சன்னலோர மூலையில் ஃப்ரிட்ஜை வைப்பது என்று முடிவு கட்டிவிட்டார்.

"உருளக்கிழங்கு வெந்துடுச்சு, தண்ணிய வடிங்க," என்றார் காலியக்கா. நர்சம்மா இல்லாத பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினார். கட்டுப்போட்ட காலை இழுத்து நடந்தார். சன்னல் மூலை வந்ததும் தோளைப் பின்னுக்கு வாங்கி, ஒருக்களித்துத் திரும்பி, பிறகு சிங்குக்குப் போனார். வழியில் ஒரு தூசி துரும்பு கிடையாது. காலியக்கா இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதே இடத்தில் அதே ஒருக்களிப்பு. மூன்றாம் முறையும் அப்படியே.

"நர்சம்மா, அங்க யாரு நிக்கிறா?"

"யாருமில்லையே. நான் ஒத்தையாத்தானே இருக்கேன்."

"அப்ப யாருக்கு வழி விட்டீங்க?"

"விட்டேனா?"

வாசலில் நின்ற மகனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "தங்கச்சி," என்றார். "அம்மா சமைக்கும்போது அவ சன்னல் மூலையிலதான் இருப்பா. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. ஆனா அது பழைய வீடு. இந்த வீட்டுக்கு அவ வந்ததே இல்லக்கா."

காலியக்கா தரையிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்தைக்குன்னா பாத்திரத்தத் தூக்கிப் பிடிப்பாங்க தம்பி, தலையில பட்டுடக் கூடாதுன்னு. இவங்க தோள ஒதுக்குறாங்க. இது வளந்த ஆளுக்கு விடுற வழி."

"முன்னாடி தூக்கித்தான் பிடிப்பாங்க," என்றார் மகன், மெல்லிய குரலில். "அவ போனப்புறமும், நான் காலேஜ் படிக்கிறப்போ பாத்திருக்கேன். கேலி பண்ணியிருக்கேன்."

மூலையில் சன்னல் வெயில் விழுந்து கிடந்தது, வேறொன்றுமில்லை. இருந்தும் அந்தப் பக்கம் பார்க்கத் துணிவில்லாமல் கூடத்துக் கரண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகன்தான் முதலில் சுதாரித்தார். "அப்படின்னா ஃப்ரிட்ஜ் கண்டிப்பா அங்கதான் வரணும். அடைச்சிடுங்க. அம்மா கால் வெந்ததே இதனாலதான்."

"அங்க வேணாம்டா," என்றார் நர்சம்மா. "அடைச்சா அவ எங்க போவா?" அழுகை இல்லை, பதற்றம் இல்லை. நிரம்பிய வார்டில் ஒரு படுக்கை கேட்கிற குரல்.

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் எங்கம்மா போவேன்?" மகனுக்குக் குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

காலியக்கா போட்ட கோடுகளையெல்லாம் காலால் அழித்தார். பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். "கொதிக்கிற பாத்திரத்தத் தூக்கிட்டு நடக்கிற வேலை இனிமே இல்ல தம்பி. அடுப்பும் சிங்க்கும் இந்தச் சுவர்ல ஒட்டி வரும். பாத்திரத்த நகத்திச் சாய்ச்சாப் போதும். ஃப்ரிட்ஜ் வாசப்பக்கம். சன்னல் மூலையில ஒரு சின்ன மேடை போடறேன், காய் நறுக்க."

"யாரு நறுக்க?"

மகன் கேட்டது காதில் விழாத மாதிரி காலியக்கா நாடாவை உருவினார்.

மேடையின் உயரத்தை, அங்கே நிற்கப்போகிறவரின் முழங்கையைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். நர்சம்மாவைப் பின்சுவரோரம் நிறுத்தி அளந்து முடித்தார். பிறகு சன்னல் பக்கம் தலையசைத்தார். "இதுக்கு எவ்ளோ உயரம் வைக்கட்டும்?"

நர்சம்மா மூலைக்கு எதிரே போய் நின்றார். தன் முழங்கை உயரத்துக்கு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் நீட்டினார். சற்று அண்ணாந்து, அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை இரண்டு விரற்கடை உயர்த்தினார்.

காலியக்கா நாடாவின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை அந்தக் கை வரைக்கும் இழுத்தார்.