நான்கு காலண்டர்கள்

டெல்லி கரோல் பாக் மொட்டைமாடி அறையில் ஒண்டிக்கட்டை கலியமூர்த்திக்கு அது ஒன்பதாவது குளிர்காலம். அரசு விளம்பரத் துறையில் ஓவியர். குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டிக்காக அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாளெல்லாம் சிரித்த முகங்களாகவே வரைவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சு ரஜாயைப் போர்த்திக்கொண்டு சிற்றலையில் தூரதேசத்து வானொலிகளைத் தேடிப் பிடிப்பார். எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அந்தந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவது அவருடைய பைத்தியம்.

ஒரு நிலையம் அனுப்பிய படிவத்தில், 'வீட்டில் எத்தனை பேர் கேட்கிறீர்கள்?' என்றிருந்தது. பழகின கை 'நான்கு' என்று எழுதிவிட்டது.

ஜனவரியில் நான்கு காலண்டர்கள் வந்தன. சுவருக்கு ஒன்றாக மாட்டினார்.

"நாலு எதுக்கு சார்? எனக்கொண்ணு தாங்கோளேன்" என்றான் கீழ்வீட்டு வைத்தி.

"இல்லப்பா. ஆளுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு."