மாமனார் எதிரில் சாப்பிட்ட நாள்

என் மாமனார் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிடுவார். அந்தத் தட்டை நம்பி நான் நான்கு மாதம் ஏமாந்தேன்.

அத்தை இறந்து அவ்வளவு நாள்தான் ஆகியிருந்தது. இருவரும் மரக்காணம் உப்பளத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். இவர் உப்பை வாரிக் குவிப்பார், அத்தை கூடையில் சுமப்பார். அத்தை போன பிறகு இவர் அந்தப் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். டிவி போட்டால் நிறுத்தச் சொல்வார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. துக்கம்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் கொல்லைப்புறம் போனால், நான் அவருக்குப் போட்ட சாம்பார் சோற்றைப் பக்கத்து வீட்டு ஆடு சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எடை பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மனசு சரியில்லன்னு சாப்பிட மாட்டேங்கிறாரு. சாப்பிடாததால மனசு இன்னும் சோந்து போவுது. இப்படியே விட்டா எழுந்திரிக்கவே மாட்டாரு. ஆமா, யாரு கூட உக்காந்து சாப்பிடறாரு?"

"சோத்தப் போட்டுட்டு நான் உள்ள போயிடுவேங்க. மாமனார் எதிர்ல எப்படிங்க உக்காந்து சாப்பிடறது?"

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. உப்பளத்துக் கரையில் தினமும் பத்து மணிக்கு ஒரே தூக்குச் சட்டியிலிருந்து இரண்டு பேராகச் சாப்பிட்டவர் அவர். நான் காட்டிய மரியாதையையும் அந்த ஆட்டுக்கே போட்டிருக்கலாம்.

மறுநாள் பத்து மணிக்கு மீன் குழம்புச் சட்டியோடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். கூச்சத்தில் தலை குனிந்தபடியே எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டேன்.

"எனக்குப் பசிக்குது மாமா. சீக்கிரம் கைய வைங்க" என்று சொல்லி, மீன் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைய உங்க அத்த ஒரு நாளும் எனக்குக் குடுத்ததில்லம்மா. எல்லாத்தையும் அவளே தின்னுடுவா."

அத்தையைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தலையை இரண்டாகப் பிய்த்து, பாதியை என் தட்டில் வைத்தார். மீதியை முள் தவிர ஒன்றும் விடாமல் அவர் உறிஞ்சித் தின்பதை, குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.