இரண்டு கல்லில் வறுத்த மீன்

போலீஸ் வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு வாரம் முழுக்கப் பயந்து செத்திருக்கிறேன். காரணம், ஒரு மஞ்சள் மசாலா பாக்கெட்.

அப்பா கை முறிந்து, கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்த வருஷம் அது. அம்மா மீன் வறுவல் மசாலா அரைத்து, ஞாயிறுதோறும் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்களிடம் விற்றாள். எங்கள் சாப்பாடு அதில்தான் ஓடியது. அவள் விற்கும் முறையே தனி. இரண்டு தோசைக்கல் வைப்பாள். ஒன்றில் ஊரறிந்த ஒரு பெரிய கம்பெனியின் மசாலா தடவிய மீன், இன்னொன்றில் தன்னுடையது. கம்பெனி பெயரைக் கூசாமல் சொல்வாள். "அத்தையும் துன்னு பாரு, இத்தையும் துன்னு பாரு. எது புடிக்குதோ அத்த வாங்கிக்க." யாரையும் மட்டம் தட்டமாட்டாள். தின்றவர்கள் பெரும்பாலும் எங்கள் பாக்கெட்டைத்தான் வாங்கினார்கள்.

வினை அந்தப் பாக்கெட்டில் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு படகுக்கு மீன் நன்றாகப் பட்டால், அடுத்து பெயின்ட் அடிக்கும்போது நாலு பேர் தங்கள் போட்டுக்கும் அதே நிறத்தை அடிப்பார்கள். ராசியான நிறம் என்று நம்பிக்கை. போட்டுக்காரருக்கும் அதில் பெருமைதான். அம்மாவும் அதே கணக்கில், நன்றாக ஓடுகிற கம்பெனியின் மஞ்சளையும் சிவப்புப் பட்டையையும் மீன் படத்தையும் அப்படியே போட்டு அச்சடித்திருந்தாள். பெயர் மட்டும் என்னுடையது.

ஒருநாள் கம்பெனி வக்கீலிடமிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்தது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் மாமாதான் எங்கள் வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர். அதுவும் கன்டெய்னர் மேல் எழுதியிருக்கிற அளவுக்கு. வரிக்கு வரி கம்பெனி பெயர் வருவதைப் பார்த்துத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அவன் பேர சொல்லி யாவாரம் பண்ணிகினு கீற இல்ல, அதான் கேஸு. இன்னொரு தபா சொன்னா உள்ள வெச்சுடுவான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கெட்டில் என் பெயர் இருப்பதால் என்னையும் கொண்டுபோவார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவோடு ஒரே அறையில் வைப்பார்களா என்பதுதான் கவலை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கம்பெனி பெயரைச் சொல்லவே இல்லை. கம்பெனி பாக்கெட்டைப் பாவாடைக்கு அடியில் தள்ளி, நான் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். எது என்ன மசாலா என்று கேட்டவர்கள், பதில் வராததால் சந்தேகப்பட்டு நகர்ந்தார்கள். காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவர் ஆட்டோக்காரர்.

பிறகு நிஜமாகவே கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். யாரென்று அவர் சொன்னதும் நான் அழத் தொடங்கினேன். அவர் இரண்டு கல்லிலிருந்தும் ஒவ்வொரு துண்டு தின்றுவிட்டு, "இதுல எங்க மசாலா எதும்மா?" என்றார்.

கூட வந்திருந்த மாமா, அம்மாவுக்கு முன்னால் முந்திக்கொண்டார். "பேரே சொல்றதில்ல சார், வுட்டுட்டோம்."

வந்தவர் குழம்பிப்போனார். "பேரைச் சொல்லுங்க, ஒப்பிட்டும் காட்டுங்க. பொய் சொல்லாத வரைக்கும் அது தப்பில்ல. பாக்கெட்டைத்தான் மாத்தச் சொன்னோம். எங்களுதுன்னு நெனச்சு உங்களுதை வாங்கிட்டுப் போறாங்க."

ஜெயில் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. அம்மாவின் முகம்தான் கறுத்துவிட்டது. கேஸ் என்று மாமா சொன்னபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை.

"அப்ப என் மசாலாவுக்கோசரம் யாரும் வாங்கலியா?" என்று கேட்டாள்.

அவர் எங்கள் கல்லிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவின் போட்டு நிறத்தில், வெறும் நீலக் கவரில் மசாலா கொண்டுவந்தாள். அடுப்பில் ஒரே ஒரு கல். மஞ்சள் பாக்கெட் கேட்டு வந்தவர்களிடம், "அது கடைல கீது. இத்த துன்னு பாரு" என்றாள். பாதிப் பேர் தின்னாமலே போனார்கள். மசாலா அப்படியே இருந்தது.

"பேரு சொல்லலாம்னுதான சொன்னாரு. ரெண்டு கல்லு வெக்கலாம் இல்ல?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவன் மசாலாவுக்கு நம்ம எண்ணெ இன்னாத்துக்கு?" என்றாள்.

அம்மா எண்ணெயை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.