டேனியின் வலது தோள்

முதல் நாள்

அமெரிக்காவில் முதல் நாள் பயிற்சியில் கோச் என்னிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். மைதானத்தின் நடுவில் சிவப்புச் சட்டையோடு நின்றவனைக் காட்டி, அவனை நீ தொட்டால் இன்றைக்கே சிட்னிக்கு டிக்கெட் போட்டுத் தருவேன் என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

சிவப்புச் சட்டைக்காரன் எங்கள் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன். நான் பாஸ் ரஷர். எதிரணி குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் ஓடிப்போய் அவனை நிலத்தில் விழுத்துவது என் தொழில். அப்படி விழுத்தினால் அதற்குப் பெயர் சாக். இடையில் என்னைவிடக் கனமான ஒருவன் மறித்துக்கொண்டு நிற்பான். அவனைத் தள்ளிக்கொண்டோ சுற்றிக்கொண்டோ போகவேண்டும். இதற்கெல்லாம் சம்பளமா என்று சிட்னியில் எங்கள் பகுதியான செவன் ஹில்ஸ் அங்கிள்மார் கேட்டிருக்கிறார்கள். மீட்டிங்கில் இருந்து தலையாட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உலகத்தில் இதற்கும் கொடுக்கிறார்கள் அங்கிள் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் அங்கே பெரும்பாலும் இருந்தது பிராக்டிஸ் ஸ்குவாட்டில். வாரம் முழுக்கப் பயிற்சியில் அடிபட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கிற கூட்டம் அது. பயிற்சியில் எதிரே நிற்பது சொந்த அணிக் குவாட்டர்பேக். அவன் கைக்குத்தான் அணி கோடிக்கணக்கில் கொட்டியிருக்கிறது. மறிக்கிறவனைத் தாண்டி, அடுத்த அடியில் பிடித்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்ததும், கையை இழுத்துக்கொண்டு பக்கத்தால் ஓடிவிட வேண்டும். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடினேன். கலியாண வீட்டில் சமைத்துக் கொட்டிவிட்டுப் பட்டினியாகப் போகிறவன் மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு சாக்

யாருக்காவது காயம் பட்டால் என்னை மேட்சுக்கு எடுப்பார்கள். அப்படி எடுத்த ஒரு நாளில்தான் என் வாழ்க்கையின் முதலாவது உண்மையான சாக் கிடைத்தது. அமெரிக்காவில் கடைசியும் அதுதான். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. சிட்னியில் அப்போது திங்கட்கிழமை காலை. அம்மா நேர்சிங் ஹோமில் வேலை செய்கிறார். அங்கே கிழவர்கள் இருந்து டிவி பார்க்கும் அறையில் நின்றபடி பார்த்திருக்கிறார். அப்பா போனபிறகு எனக்கு எல்லாமே அம்மாதான். மேட்ச் முடிந்ததும் ஆசையாக அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பிள்ளை எழும்பினதோ?" என்று கேட்டார்.

எழும்பி நடந்து போனான் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்குக் கோபம். பிள்ளையின் சாதனையைப் பாராட்ட ஒரு சொல் வரவில்லையே என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா இந்த விளையாட்டுக்கு வைத்திருந்த பெயர் "அறுந்த விளையாட்டு", நாசமாய்ப்போன விளையாட்டு என்று அர்த்தம். ஆனாலும் சீசன் தொடங்குமுன் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யாமல் விடமாட்டார். என் பெயருக்கு மட்டும் செய்வார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு எதிரே நிற்கப் போகிறவர்களுக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று கும்பிட்டதை வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். அவ்வளவு பேரின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது, சுவாமி பெயருக்கே செய்யுங்கோ ஐயா என்று ஐயரிடம் சொல்லிவிடுவாராம்.

திரும்பி வந்தது

முழங்கால் போனதும் அணியும் போகச் சொல்லிவிட்டது. சிட்னிக்கு வந்தேன். செவன் ஹில்ஸில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் வேலை கிடைத்தது. முழங்கால் மெல்ல மெல்லச் சரியானது. அதற்குள் இங்குள்ள கிளப் ஒன்று தேடி வந்துவிட்டது.

இங்கேயும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். டீச்சர், எலக்ட்ரீஷியன், யூனிவர்சிட்டியில் படிக்கிறவன் என்று எல்லோரும் இருப்பார்கள். பயிற்சி முடிந்தால் ஹோம்புஷில் இருக்கிற தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோசை வாங்கிக் கொடுப்பேன். அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆடினவன் எங்களோடு ஆடுகிறான் என்று அவர்களுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே பிடித்திருந்தது.

அந்த ஞாயிறு

மேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். என்னை மறிக்க நின்றவன் இரண்டாவது சீசன் ஆடுகிற யூனி மாணவன். பெரிய உடம்பு, பாவம், கால் வரவில்லை. பந்து அசைந்ததும் வெளிப்பக்கமாகச் சுற்றினேன். அவன் கை என் தோளில் படக்கூட இல்லை. எனக்கு முன்னால் குவாட்டர்பேக்கின் முதுகு. அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு எறிவதற்குக் கையைத் தூக்குகிறான். பெயர் டேனி என்று பிறகுதான் தெரியும்.

அவன் சிவப்புச் சட்டை போட்டிருக்கவில்லை. பக்கத்தால் ஓடிவிடு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இத்தனை வருடமும் பிடிக்காமல் விட்ட அத்தனை பேரையும் அன்றைக்குப் பிடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு பேருமாக விழுந்தோம். அவனுடைய வலது தோள் கீழே, என் முழுப் பாரமும் மேலே.

நடுவர் பிழை சொல்லவில்லை. சட்டப்படி சுத்தமான அடி. என் அணிப் பெடியள் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். கீழே கிடந்தவன் எழும்பவில்லை. கத்தவும் இல்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆஸ்பத்திரி

தோள் மூட்டு கழன்றதோடு, கையைத் தூக்குகிற நரம்பும் அடிபட்டிருந்தது. நரம்பு திரும்பலாம், திரும்பாமலும் விடலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் போனேன். கட்டிலில் இருந்தவன் என்னைக் கண்டதும் சிரித்தான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். வீடுகளுக்குச் சீலிங் போடுகிறவன். பலகையைத் தூக்கி அடித்து, மூட்டுத் தெரியாமல் பூசி மட்டமாக்குகிற வேலை. நாள் முழுக்க இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, வருகிற நேர்ஸ்மாருக்கெல்லாம் இடது கையால் போனில் வீடியோவைக் காட்டினான். என்னைப் பிடித்தவன் சும்மா ஆள் இல்லை, அமெரிக்காவில் ஆடினவன், இதோ நிற்கிறான் பாருங்கள் என்றான். அவன் என்னைத் தூஷணத்தால் திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். என்னை ஏசவில்லை.

"அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கோ?"

"இருக்கிறா அம்மா, குவீன்ஸ்லாந்திலை. நடக்க ஏலாதாம்."

"அப்ப நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு குசினிக்குள் போனார்.

எனக்கு வெட்கம். இங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை அம்மா, மெசேஜ் போட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கட பிள்ளையாலை ஒரு பிள்ளை படுத்திருக்கு. முகம் குடுக்காமல் இருக்கிறது மனிசத்தன்மையோ?" என்றார்.

ஃபிளாஸ்க்கில் கோழி சூப்போடு, நேர்சிங் ஹோம் யூனிஃபோர்மிலேயே போனார். டேனியிடம் பிறந்த திகதி கேட்டார், நேரம் கேட்டார், ஊர் கேட்டார். ஆஸ்பத்திரி ஆள் ஏதோ பதிவு செய்கிறார் என்று நினைத்து அவனும் தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொன்னான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஹெலன்ஸ்பர்க்கில் டேனி என்ற பெயருக்கு விசாக நட்சத்திரத்தில் அர்ச்சனை நடந்தது. ஐயர் இரண்டு தரம் பெயரைக் கேட்டாராம்.

அவன் வீட்டுக்குப் போனபிறகும் அம்மா விடவில்லை. கிழமைக்கு ஒருதரம் சாப்பாடு போகும். போகிறபோதெல்லாம் கையைத் தூக்கு பார்ப்போம் என்பார். அவன் தூக்குவான். நெஞ்சு வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். அம்மா அவனுக்கு முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். காருக்குள் வந்து ஏறியதும் அழுவார்.

சீலிங்

சீசனின் கடைசி மேட்சுக்கு டேனி வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அவனால் வண்டி ஓட முடியாது. பின்னேரம் நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அடுத்த சீசனைப் பற்றியே பேசினான். வீட்டு வாசலில் கார் நின்றதும் இறங்காமல் இருந்தான்.

"ஒன்று கேட்க வேணும். நான் பந்தைக் கனநேரம் கையில வச்சிருந்தனா?"

அவன் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன். அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்திருப்பானோ தெரியாது. அவனுடைய அணிக்காரர்கள், நீ கொஞ்சம் முந்தி எறிந்திருந்தால் தப்பியிருப்பாய் என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். தன் பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். கை சரியானதும் அடுத்த முறை முந்தி எறியலாம். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு நாளும் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்றேன். உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, இந்த ஊரில் உனக்கு எதிராக ஆடுகிற யாராக இருந்தாலும் நீ எறிந்து முடித்த பிறகுதான் வந்திருப்பார்கள், நான் அதற்கு முன்பே வந்துவிட்டேன் என்றேன்.

அவன் இடது கையால் சீட் பெல்ட்டைக் கழட்டினான். பிறகு, "அப்ப நான் திருத்த ஒண்டும் இல்லை" என்றான். முதன்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். கேட்டுவிட்டேன் என்கிற தலையாட்டல்தான் அது.

இறங்கும்போது, உள்ளே ஒரு சின்ன வேலை இருக்கிறது, உனக்குத்தான் உயரம், வாறியா என்று கேட்டான். உள்ளே போனால் நடு ஹாலில் ஸ்மோக் அலாரம் விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி முடிந்துவிட்டது. கிழமைக் கணக்காக அந்தச் சத்தத்தோடு இருந்திருக்கிறான். அம்மா சாப்பாட்டோடு வருகிற நேரங்களில் ஹால் கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாகப் போட்டுவிடுவானாம். இடது கையால் கழட்டப் பார்த்திருக்கிறான், ஏணியில் பிடிமானம் இல்லாமல் இறங்கிவிட்டான். ஊருக்கெல்லாம் சீலிங் போட்டவன், தன் வீட்டுச் சீலிங்கைத் தொட ஆள் கூப்பிட வெட்கப்பட்டிருக்கிறான்.

எனக்கு ஏணி தேவைப்படவில்லை. கதிரையில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

"மெதுவா. அது நான் பூசின சீலிங். விரல் அடையாளம் படாமல் கழட்டு" என்றான்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பேட்டரியை மாற்றி மாட்டினேன். சத்தம் நின்றது. அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதிரையிலிருந்து இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அழுதேன்.

தம்பிமாருக்கு

நரம்பு திரும்பவில்லை. டேனி இப்போது வீடு கட்டுகிற சாமான்கள் விற்கும் கடையொன்றில் கவுண்டரில் நிற்கிறான். எந்தப் பலகை எதற்கு நல்லது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நான் அதன்பிறகு ஆடவில்லை, கோச்சாக மட்டும் போகிறேன்.

பாஸ் ரஷர் ஆக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளுக்கு முதல் அடியை எப்படி வைப்பது, மறிக்கிறவனின் கையை எப்படித் தட்டுவது எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். அதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எதிரே நிற்கப் போகிறவன் திங்கட்கிழமை எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று மேட்சுக்கு முன்னரே போய்க் கைகொடுத்து விசாரியுங்கள். தெரிந்தபிறகு உங்கள் உடம்பு தானாகவே கொஞ்சம் பார்த்து விழும். நான் டேனியிடம் அதை ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன்.