ஜெனரல் மேனேஜருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தவன் கடைசிவரை தன் பையைப் பிரிக்கவே இல்லை. மகளோடு தங்க அமெரிக்கா வந்தபிறகு நான் பார்த்த விநோதங்களில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். நிலைக்கதவில் தலை குனிந்து நுழைகிற உயரம் அவன். பயிற்சி முடிந்து வந்தால் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருப்பான். நான் எட்டிப் பார்த்து எண்ணுவேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் பழக்கம், விட முடியவில்லை. ஒரு மெத்தை, ஒரு டிவி, ஒரே ஒரு நாற்காலி. சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. ஓரமாக நீளமான கான்வாஸ் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதிலிருந்துதான் சட்டையை எடுத்துப் போடுவான், துவைத்ததை மடித்து அதிலேயே வைப்பான். துணி அலமாரி காலி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குகிறவன்கூடச் சட்டையை ஆணியில் மாட்டுவான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் தம்பி, பையைப் பிரிக்கவே மாட்டாயா?"

"நான் உள்ளேயா வெளியேயா என்று அவர்கள் சொல்லட்டும் சார். அப்புறம் பிரிக்கிறேன்" என்றான்.

அவன் பெயர் டேரியஸ். இந்த ஊர் ஃபுட்பால் அணியில் ஆட வந்தவன். ஊரின் பெயரைச் சொன்னால் அணியின் பெயரும் தெரிந்துவிடும், என் மகளுக்கு அது நல்லதில்லை. ஆகவே சொல்லவில்லை. நம் பள்ளிக்கூட மைதானத்தில் காலால் உதைத்த ஃபுட்பாலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. அதை ஒருவன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் அவனை மறித்துக் கீழே தள்ளுவார்கள். டேரியஸ் தள்ளுகிறவன்.

என் மகள் கயல்விழி வேலை பார்ப்பதும் அதே அணியில்தான். 'ஃபிரண்ட் ஆபீஸ்' என்று அவள் சொன்னபோது, ஓட்டல் வாசலில் சாவி கொடுக்கிற இடம் என்று நினைத்து என் மனம் சுருங்கியது. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். பிறகு அவள் விளக்கினாள். மைதானத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர் பயிற்சியாளர். ஆனால் யார் ஆட வேண்டும், யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்பதை மாடியில் இருக்கிற அந்த ஆபீஸ் முடிவு செய்கிறது. அதன் தலைவர் ஜெனரல் மேனேஜர். கயல் எண்களைத் தயாரித்து அவர் முன்னால் வைக்கிற ஆட்களில் ஒருத்தி. கோடைப் பயிற்சி முகாமுக்குத் தொண்ணூறு பேரை எடுக்கிறார்கள். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் ஐம்பத்து மூன்றாகக் குறைக்க வேண்டும். முப்பத்தேழு பேர் போக வேண்டும். இந்தக் கழித்தலை நான் சாப்பாட்டு மேசையில் போட்டுப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. இடம் இல்ல."

"சார்ஜ் ஷீட்டு?"

"கிடையாது."

"என்கொயரி?"

கயல் சிரித்தாள். "அப்பா, இது உங்க சிமெண்ட் பேக்டரி இல்ல."

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் டைம் ஆபீஸில்தான் என் உத்தியோகக் காலம் முழுவதும் போயிற்று. ஷிப்டு மாறும்போது கேட்டில் நின்று தலை எண்ணுவது என் வேலை. ஒரு தொழிலாளியை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அங்கே நோட்டீஸ் வேண்டும், விளக்கம் வேண்டும், விசாரணை வேண்டும், யூனியன்காரர் வந்து மேசையைத் தட்ட வேண்டும். குடித்துவிட்டு கிரேன் மேல் ஏறித் தூங்கியவனைக்கூட எங்களால் அனுப்ப முடிந்ததில்லை. ஆனால் உள்ளே வருவது வேறு கதை. பேக்கிங் பிரிவில் முத்துசாமி என்று ஒருவன் காண்டிராக்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் சிமெண்ட் படிந்து வெள்ளையாக இருக்கும். நிரந்தரமாகிவிடுவோம் என்று காத்துக்கொண்டே இருந்தான். இடங்கள் வந்தபோது, சுண்ணாம்புக்கல் எடுக்கக் கொல்லையைக் கொடுத்த குடும்பங்களுக்கு அவை போயின. அவர்களையும் குறை சொல்ல முடியாது, நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்றவர்கள். எந்த இடத்துக்கு யார் என்பது, யாரும் கேட்டில் வந்து நிற்பதற்கு முன்பே சென்னை ஆபீஸில் முடிவாகியிருந்தது. கேட்டில் தலை எண்ணிய எனக்குத்தான் அது எல்லாருக்கும் கடைசியாகத் தெரிந்தது.

அப்போது நாங்கள் என்ன செய்தோம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானும் முத்துசாமியும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போனோம். போர்த்தினோம். "நம்ம பையன்தாங்க, நீங்கதான் பாத்துக்கணும்" என்று நான் சொன்னேன். பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே அவர் "பாப்போம்" என்றார். அடுத்த பொங்கலுக்குள் முத்துசாமி வேகன் ஏற்றும் பிரிவில் நிரந்தரமாகிவிட்டான். அதிகாரி பழத்தை வாங்கிக்கொண்டு 'பாப்போம்' என்றால் காரியம் முடிந்தது என்று பொருள். இதில் லஞ்சம் எதுவும் இல்லை. இந்த ஆளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று தெரிவிப்பது, அவ்வளவுதான்.

டேரியஸ் மாலையில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தான். கயல் மாடி ஆபீஸ் ஆள் என்பதால், அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவான். கோழிக் குழம்பை முதல்நாள் காரம் தாங்காமல் மூக்கில் நீர் வழியச் சாப்பிட்டான், மறுநாள் பாத்திரத்தோடு வந்து நின்றான். தன் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்வதாகவும், அணியில் இடம் உறுதியானால் அவரை அழைத்துவந்து வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னான். அவன் ஃபிளாட்டின் இரண்டாவது படுக்கையறை அவருக்காகத்தான் காலியாக இருந்தது. இடத்துக்குப் போட்டி இரண்டே பேர். இவன் ஒருவன். போன வருஷம் பெரிய விலை கொடுத்து எடுக்கப்பட்டவன் இன்னொருவன்.

இதைக் கயலிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அவரோட ரொம்பப் பழகாதீங்கப்பா."

"ஏம்மா? நல்ல பையன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேச அவளுக்கு அனுமதி இல்லை. பெற்றவனுக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மனமில்லாமல் வளர்ந்துவிட்டாளே என்று வருந்தினேன். அவள் அம்மா இருந்திருந்தால் இப்படி இருப்பாளா என்றும் நினைத்தேன். நினைத்ததை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

முகாமின் கடைசி வாரத்தில் ஊழியர்களின் குடும்பங்களை மைதானத்துக்கு அழைத்தார்கள். ஊரிலிருந்து வரும்போது யாருக்காவது தேவைப்படும் என்று கொண்டுவந்த பொன்னாடை என் பெட்டியில் இருந்தது. இந்தியக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். இங்கே பச்சையாகச் சின்னதாகத்தான் கிடைத்தது, இரண்டு பொறுக்கினேன். கயல் தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில் ஜெனரல் மேனேஜர் தனியாக நின்றார். உயரமான மனிதர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். குனியச் சொல்லிப் போர்த்திவிட்டேன். பழத்தைக் கையில் கொடுத்தேன். என் ஆங்கிலம் மோசமில்லை. "டேரியஸ் எங்கள் எதிர் வீட்டுப் பையன். எங்கள் குடும்பம் மாதிரி. என் மகள் கயலுக்கும் தெரியும். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பார்ப்போம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். ஜரிகைப் பொன்னாடையோடே அவர் மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அரியலூரானாலும் அமெரிக்காவானாலும் மனுஷன் மனுஷன்தான் என்று தோன்றியது.

மறுநாள் கயல் மத்தியானமே வீடு திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்னை அந்த மீட்டிங்ல இருந்து எடுத்துட்டாங்கப்பா. டேரியஸ் ஆடுற இடத்தைப் பத்தி நான் இனி பேசக் கூடாதாம். எனக்கும் அவருக்கும் குடும்பப் பழக்கம் இருக்காம்."

"அது நல்லதுதானேம்மா? பெரியவரே முடிவு பண்ணிடுவாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, அந்த ரூம்ல அவருக்காகப் பேசினது நான் ஒருத்திதான்."

முகாம் தொடங்கியதிலிருந்தே அவள் போராடிக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை முறை மறித்தான், எத்தனை முறை தவறவிட்டான் என்று இருவருடைய ஆட்டத்தையும் பிரித்துப் பிரித்து எண்ணி, டேரியஸ்தான் மேல் என்று காட்டியிருக்கிறாள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்னொருவனைத் தேர்ந்தெடுத்தவர் ஜெனரல் மேனேஜரே. அவனை வெளியே அனுப்பினால், தான் எடுத்தது தப்பு என்று முதலாளியிடம் அவரே போய்ச் சொன்ன மாதிரி ஆகும். கயலின் எண்கள் மட்டும் மேசையில் இடித்துக்கொண்டே இருந்தன. அந்த எண்களை ஒதுக்குவதற்கு ஒரு நியாயமான காரணம் அவருக்குத் தேவைப்பட்டது. இரண்டு பழத்தையும் ஒரு ஜரிகைத் துணியையும் வைத்து அந்தக் காரணத்தை நான் அவர் தோளில் போர்த்திவிட்டு வந்திருக்கிறேன்.

ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். இவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று காட்டுவது எங்கள் ஊரில் ஒருவனைக் காப்பாற்றுகிறது. இங்கே அதே செயல், உண்மையிலேயே பின்னால் நின்றவளை அறையைவிட்டு வெளியே தள்ளுகிறது. "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "தயவுசெஞ்சு யாருக்கும் எதுவும் போத்தாதீங்கப்பா" என்றாள். சிரிப்பு அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஆட்களைக் குறைக்கும் நாள் வந்தது. காலையில் உள்ளே நுழைகிறவர்களில் சிலரை மட்டும் ஒரு ஊழியர் தோளில் தொட்டு, மேலே வரச் சொல்வாராம். ஆட்டத் திட்டங்கள் இருக்கிற டேப்லெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். தொட்டால் முடிந்தது. டேரியஸ் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். அவனுக்கு மூட்டை கட்டுகிற வேலை இல்லை. ஜிப்பை இழுத்தான், அவ்வளவுதான். பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிற சிலரிலும் அவன் இல்லை.

"யார் முடிவு செய்தார்கள்?" என்றேன்.

"மாடி" என்று விரலை மேலே காட்டினான். "தொழில் சார் இது. கோபப்பட ஒன்றுமில்லை."

அவன் அமைதிதான் என்னை அதிகம் கலக்கியது. நிரந்தர இடங்கள் கைவிட்டுப் போன அன்று முத்துசாமி கேட் முன்னால் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறான். இவன் ஓட்டலில் தோசை தீர்ந்துவிட்டது என்று கேட்டவன்போல நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பொன்னாடை போர்த்தியது நான்தான், உனக்காகத்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவன் விழித்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான், அந்த வெற்று அறை அதிரச் சிரித்தான். "அந்தத் தங்கத் துணியா? ஏதோ உங்கள் பண்டிகை என்றல்லவா நாங்கள் எல்லாரும் நினைத்தோம்! எனக்காகவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் அம்மாவிடம் சொல்ல வேண்டும்" என்றான். அதனால் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் கயலின் வேலை போய்விடும். அவனுக்காக வாதாடியவள் எதிர் வீட்டிலேயே இருந்தாள் என்பது தெரியாமலே அவன் போனான். போகும்போது அந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தான்.

இப்போது எதிர் ஃபிளாட்டில் வேறு ஆள். கயல் வேலையில்தான் இருக்கிறாள், ஆனால் சீக்கிரம் வந்துவிடுகிறாள். டேரியஸின் நாற்பத்தேழாம் எண்ணை அடுத்த வாரமே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மேல்சட்டையில் மட்டும் அது அவனுடையதாக இருக்கிறது. அவனுக்கு இடம் நிச்சயம் என்று நான் நம்பிய நாளில், கடையில் அவன் பெயரைத் தனியாக அச்சடிக்கச் சொல்லி வாங்கி, குரும்பலூரில் எங்கள் வீட்டில் இருக்கிற என் தம்பி சின்னதுரைக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். துணி கெட்டி, எவ்வளவு துவைத்தாலும் எழுத்து போகவில்லையாம். அவன் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறான், ரேஷன் கடைக்குப் போகிறான். யாரென்று கேட்டால், "எங்கண்ணன் எதிர்வூட்டு ஆளு, பெரிய ஆட்டக்காரரு" என்கிறானாம். நான் திருத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். அதே சட்டை. பின்னால் கேட்டுக்கு வெளியே கையில் தாள்களோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஓட்டர் லிஸ்ட்டு சரிபாக்க டீச்சரம்மா வந்துருக்காங்க. இந்த வூட்டுக்கு லிஸ்ட்டுல நாலு பேரு இருக்கு, மூணு பேருதானே இருக்கீங்கன்னு கேக்குறாங்க. உன் பேரை வெச்சிருக்கவா, எடுத்துடச் சொல்லவா?"

அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கயல் உள்ளே ஏதோ ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க கேட்டில் நின்று மற்றவர்களை எண்ணியவன் நான்.

"எப்ப வருவாருன்னு கேக்குறாங்கண்ணே."

"பாப்போம்டா" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. போனைச் சுவர்மேல் சாய்த்து வைத்துவிட்டு, "வந்துடுவாருங்க, எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தான். வெயிலில் அவன் முதுகில் டேரியஸின் பெயர் தெரிந்தது.