பேனாவால் போட்ட கோடு

அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் நாலு பேர் மேல் சந்தேகம் உண்டு.

ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவ் மெஷினில் கிருமி சாக ஆவி காட்டி அனுப்பும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. கழுவி வந்த கத்தரிக்கோலை அப்படியே வாங்கிக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. விரித்து, அதன் மூட்டுப் பகுதியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "நல்லா கழுவியாச்சுக்கா" என்று யாராவது சொன்னால், "அது நீ சொல்றது. கத்தரி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பாள்.

வீட்டிலும் அதே கூத்துதான். பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்கமாட்டாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கணவர் பஸ் டிரைவர். "அறுபது பேர் என்னை நம்பித் தூங்கிக்கிட்டே வர்றாங்க. நீ ஒருத்திதான் நான் பல்லு விளக்கினேனான்னு பிரஷ்ஷைத் தொட்டுப் பாக்கறே" என்று அலுத்துக்கொள்வார். தொட்டுப் பார்ப்பது உண்மைதான். பிரஷ் ஈரமாகத்தான் இருக்கும். சும்மா குழாயில் நனைத்து வைத்திருந்தால் என்று உடனே அடுத்த சந்தேகம் வரும்.

பிறக்கும்போதே சல்லடையாகப் பிறந்தவள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தவள்தான். கூட வேலை பார்த்தவள் நெட்டை. பரணில் இருப்பதை நாற்காலி போடாமல் எடுப்பாள், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகிதிகள்.

அந்த அறையில் கட்டும் ஒவ்வொரு பண்டலுக்கும் மேலே ஒரு டேப் ஒட்டுவார்கள். அதில் மங்கலான கோடுகள் இருக்கும். ஆவியில் சரியாகச் சூடு ஏறினால் கோடுகள் கறுப்பாகும். கறுக்காத பண்டல் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவே கூடாது. ஒருநாள் மெஷினில் சூடு ஏறாமல் போயிற்று. தியேட்டரிலிருந்து டாக்டர் கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பண்டலின் கோடுகள் மேல் கறுப்புப் பேனாவால் இழுத்து அனுப்பிவிட்டார்கள். நோயாளியின் காயம் சீழ் பிடித்து, அந்த மனுஷன் ஒரு மாதம் படுக்கையில் கிடந்து பிழைத்தான். பண்டலில் இருந்த கையெழுத்து அதைக் கட்டிக்கொடுத்த சல்லடையுடையது. பழியும் அவள் தலையில் விழுந்தது. எட்டு வருஷம் ரத்தம் தோய்ந்த கருவிகளைக் கழுவும் தொட்டியருகே நிற்க வைத்தார்கள். கோடு போட்டது யார் என்று தெரியாததால் அவள் எல்லாரையும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டாள். நெட்டையை மட்டும் சந்தேகப்படவில்லை. அவள் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனபோது இவள் அழக்கூடச் செய்தாள்.

அந்த நெட்டை இப்போது தலை நரைத்து, லேசாகக் கூன் விழுந்து, கருவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்குக் கோடு போட்டது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

சல்லடை கையிலிருந்த கத்தரியை மூடினாள். அடுத்த நொடியே மூளை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து எதற்கு? விசாரித்தால் விஷயம் இருந்தது. நெட்டை இதே அறையில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். தலைமை நர்ஸிடம் பழைய தப்பை எழுதியே கொடுத்திருந்தாள். மூன்று வாரம் பார்த்துவிட்டுச் சல்லடை சரி என்றால்தான் வேலை என்று உத்தரவு.

"அப்படிச் சொல்லு! வேலை வேணும், அதான் மன்னிப்பு" என்று சல்லடை மனதுக்குள் முடிச்சுப் போட்டாள். வெளியே, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் வாரம் நெட்டையின் பின்னாலேயே திரிந்தாள். அவள் கை கழுவும் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. குறையே இல்லாமல் ஒருத்தி வேலை செய்வாளா என்ன!

இரண்டாவது வாரம், துணி மடிக்கும்போது, நெட்டை மறுபடி மன்னிப்புக் கேட்டாள். சல்லடை துணியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு வருஷம் எங்க போச்சு உன் மன்னிப்பு?"

"முதல்ல விரதம் இருந்தேங்கா. தீர்த்தத்துல தலை முழுகினேன். ஈரத்தலையோட வீட்டுக்கு வந்தா உங்க முகம்தான் கண்ணு முன்னாடி நிக்குது. அப்புறம் முதியோர் இல்லத்துல வேலைக்குச் சேர்ந்தேன். அங்க எல்லா மதத்துக்காரங்களும் இருந்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டேன்."

"ஊர்ல இருக்கற சாமியெல்லாம் சாட்சிக்கு வருதா? சொல்லு, கேப்போம்."

"ஒரு முஸ்லிம் பெரியவர் சொன்னாரு, கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள்கிட்ட கேளு, மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்கிட்ட நேர்செய்யாம தொழுகையில கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு. கன்னியாஸ்திரி ஒருத்தங்க, மனசுக்குள்ள வருத்தப்பட்டா மட்டும் போதாது, வாயைத் திறந்து அறிக்கை செய்யணும், பரிகாரமும் செய்யணும்னாங்க. ஒரு புத்த பிட்சு இருந்தாரு. அவரு, செஞ்சது செஞ்சதுதான், அழிக்க முடியாது, கூட இருக்கறவங்க முன்னாடி ஒத்துக்கிட்டு இனிமே செய்யாம உன்னைக் காத்துக்கோன்னாரு."

"நல்ல ஆள். அவரு பேச்சு ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்கு."

"கடைசியா ஒரு யூத அம்மா. எதிராளி மன்னிக்கலேன்னா மூணு தடவை போய்க் கேக்கணுமாம். அது மட்டும் பத்தாது. அதே இடம், அதே சந்தர்ப்பம் திரும்ப வரணும், அப்பவும் அந்தத் தப்பைச் செய்யாம இருந்தாத்தான் திருந்தினதுன்னு அர்த்தம்னாங்க. அதுக்குத்தாங்கா இங்கயே வேலை கேட்டேன்."

"பாக்கலாம்" என்றாள் சல்லடை. ஆனால் கடைசியில் சொன்னது அவள் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. அதே இடம், அதே சந்தர்ப்பம். அதை உண்டாக்கிக் கொடுத்தால் என்ன?

மூன்றாவது வாரம் ஒரு காலை, எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், இரண்டு பண்டல்களைக் கட்டி, ஆவி காட்டாமலே எடுத்துக்கொண்டாள். டேப்பின் மங்கல் கோடுகள் மேல் கறுப்புப் பேனாவால் நிதானமாக இழுத்தாள். ஒன்று வைத்தால் தற்செயலாகக் கண்ணில் படலாம், இரண்டு வைத்தால்தான் உண்மை தெரியும் என்பது அவள் கணக்கு. நெட்டை பொறுப்பிலிருந்த அலமாரியில், ஆவி காட்டி முடித்த பண்டல்களுக்கு நடுவில் அவற்றைச் செருகினாள். கண்டுபிடித்துச் சொல்கிறாளா, வேலை மிச்சம் என்று வாயை மூடிக்கொள்கிறாளா? மதியத்துக்குள் தானே எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அதிகம் வெட்கப்பட்டாள்.

அவள் கெட்ட நேரம், தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். கையுறை சப்ளை பற்றி அரைமணி நேரப் பேச்சு. திரும்பி வந்தபோது நெட்டை ஒரு பண்டலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இது பேனாக் கோடு. யாரோ போட்டிருக்காங்க. நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்ல. அலமாரியில இருந்த மத்த எல்லாத்தையும் இறக்கி ஒண்ணொண்ணா பாத்துட்டேன். வேற எதுவும் இல்ல."

சல்லடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னொண்ணு எங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. நெட்டை அவளையே பார்த்தாள்.

"நீங்க போன கையோட தியேட்டர்ல இருந்து வந்து நாலு பண்டல் எடுத்துட்டுப் போனாங்க. அவசர கேஸ்" என்றாள் மெல்ல.

சல்லடை போனைப் பிடுங்கி எடுத்தாள். மறுமுனையில் தியேட்டர் நர்ஸ். "இப்ப எடுத்துட்டுப் போன நாலு பண்டலையும் தொடாதீங்க! ஒண்ணுல ஆவி ஏறல!" நர்ஸ் போனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள். அந்த ஒரு நிமிஷம் சல்லடை கும்பிடாத தெய்வம் இல்லை. நெட்டை சொன்ன மதங்கள் அத்தனையையும் அழைத்தாள்.

நர்ஸ் போனுக்குத் திரும்பி வந்தாள். "ஒரு பண்டலைப் பிரிச்சாச்சு. உள்ள இருந்த அட்டை நிறம் மாறலன்னு டாக்டரே ஓரமா வெச்சுட்டாரு. நோயாளி மேல படல."

அந்தப் பழைய விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு பண்டலுக்குள்ளும், ஆவி ஏறினால் நிறம் மாறும் ஒரு சோதனை அட்டை வைக்கும் வழக்கம் வந்திருந்தது. சல்லடை பழக்க தோஷத்தில் பொய்ப் பண்டலிலும் அதை வைத்திருந்தாள். ஒரு உயிரைக் காப்பாற்றியது அவள் புத்தி இல்லை, பழக்கம்.

நர்ஸ் விடவில்லை. "மேல பேனாவால கோடு போட்டிருக்கு. அந்தப் புதுசா வந்தவ வேலைதானே? அவ பழைய கதை எங்களுக்கும் தெரியும். நீங்க பாவம், என்ன பண்ணுவீங்க. நான் அவ பேரையே எழுதிடறேன்."

ஒரு சின்ன 'ம்' போதும். இருபத்திரண்டு வருஷத்துப் பழி நேராகிவிடும், நியாயம் என்றுகூடத் தோன்றலாம். நெட்டை எதிரே நின்றாள். அவளுக்குப் போனில் பேசியது கேட்டிருக்கும். அவள் கண் சல்லடையின் சட்டைப் பையிலிருந்த கறுப்புப் பேனாவின் மேல் இருந்தது. அன்றைக்கு இதே அறையில் பழியோடு தான் நின்றது சல்லடைக்கு ஞாபகம் வந்தது.

"அவ இல்ல" என்றாள். "நான்தான். என் கையால போட்டேன். என் பேரை எழுதுங்க."

மறுமுனையில் நர்ஸ் அவள் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

மறுநாளே விசாரணை முடியும்வரை அவளைக் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். கணவர் திட்டவில்லை. அன்று காலை அவர் பிரஷ்ஷை அவள் தொடாததைப் பார்த்துப் பயந்துபோய், "உடம்புக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

தொட்டியருகே நெட்டை வந்து நின்றாள். மூன்று வாரம் முடிந்திருந்தது. வேலை கிடைத்திருந்தது. மூன்றாவது முறை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சல்லடை ஈரக்கையைத் தூக்கி அவளைத் தடுத்தாள்.

"நீ கேக்காதே. அன்னைக்கே, நீ பண்டலைக் கொண்டுவந்து நீட்டினப்பவே, உன்னை மன்னிச்சாச்சு. இப்ப நான் கேக்கறேன். உன்னைச் சிக்க வைக்கத்தான் போட்டேன். என்னை மன்னிப்பியா?"

டேப்பின் கோட்டை விளக்கில் பிடித்து, ஆவியில் கறுத்ததா பேனாவில் கறுத்ததா என்று பார்ப்பார்களே, அப்படி நெட்டை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பாக்கலாம்கா" என்றாள்.

சல்லடைக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது என்று பட்டது. அடுத்த கத்தரியை எடுத்து, விரித்து, மூட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.